இடப்பக்கம் சாய்ந்த கார்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கார் கொட்டகையில் நான்கு பேர் இருந்தார்கள். அப்பா முக்காலியில். அம்மா தேநீர்த் தம்ளருடன் வாசற்படியில். மெக்கானிக் மாமா காருக்கு அடியில், சாக்கின் மேல். அவர் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பத்து வயது மகள் சுண்டு, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல். மூலையில் கிடந்த பழைய டயர் சித்தப்பாவின் இடம். அது நான்கு மாதமாகக் காலி.

அந்தக் கார் அப்பாவைவிட எட்டு வயது மூத்தது. அதை அவர் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டார். நான்கு மாதத்துக்கு முன் கொட்டகைக்குப் புது சிமென்ட் தரை போட்டபோது, காரைச் சித்தப்பா வீட்டில் நிறுத்தியிருந்தார்கள். தரை காய்ந்ததும் சித்தப்பாதான் ஓட்டி வந்தார். பக்கத்தில் சுண்டு.

உள்ளே நிறுத்தியதும் அப்பாவின் முகம் மாறியது. கார் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"வழியில ஏதாவது ஆச்சா?"

"ஒரு பள்ளத்துல தடக்குன்னுச்சுப்பா" என்று சொன்னது சுண்டுதான்.

அவ்வளவுதான். அப்பா தன் தம்பியைப் பார்த்துப் பொரிந்து தள்ளினார். "பொறுப்புன்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு?"

சித்தப்பா தன்னிடமிருந்த சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். அடுத்த மாதம் அவருக்குத் தொலைதூர ஊரில் வேலை கிடைத்தது. வழியனுப்ப அப்பா போகவில்லை. சுண்டுவும் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். தலை வலிக்கவேயில்லை.

"ஸ்பிரிங் ரெண்டும் நல்லாத்தான் சார் இருக்கு." இப்போது காருக்கு அடியிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"அப்போ என் கண்ணு கெட்டுப்போச்சா? நல்லாப் பாருங்க."

"மூணு தடவை பார்த்துட்டேன். இனி ஸ்பிரிங்தான் என்னைப் பார்க்கணும்."

அம்மா தம்ளருக்குள் சிரித்துக்கொண்டாள்.

சுண்டு பள்ளிப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வந்தாள். தரையிலிருந்து மட்கார்டு வரை அளந்தாள். இடப்பக்கம் இரண்டு ஸ்கேல், நாலு விரல். வலப்பக்கமும் இரண்டு ஸ்கேல், நாலு விரல். நம்பாமல் மறுபடியும் அளந்தாள்.

"அப்பா, ரெண்டு பக்கமும் ஒரே உயரம்."

"அது எப்படி? சாய்ஞ்சிருக்கிறது நல்லாத் தெரியுதே."

சுண்டு ஸ்கேலைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து ஒரு கோலியை எடுத்து, வலப்பக்கத்துச் சக்கரத்தருகே மெல்ல வைத்தாள்.

கோலி உருண்டது. காருக்கு அடியில் புகுந்து, மாமாவின் காதை உரசி, இடப்பக்கச் சுவரோரம் இருந்த வாய்க்காலில் போய் விழுந்தது.

மாமா காதைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார். "தரையை யாரு சார் சாய்வாப் போடச் சொன்னது?"

அப்பா முக்காலியை விட்டு எழவில்லை. "நான்தான். கார் கழுவுற தண்ணி நிக்காம ஓடணும்னு கொத்தனார்கிட்ட நான்தான் சொன்னேன்."

நால்வருமாகக் காரைத் தெருவுக்குத் தள்ளினார்கள். சமதரையில் அது நேராக நின்றது. யாருக்கும் சந்தோஷம் வரவில்லை.

"அவன்கிட்ட நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் பேசுறது?" என்றார் அப்பா.

"லெட்டர்ல முகம் தெரியாதுப்பா" என்றாள் சுண்டு.

அன்று மாலை அப்பா மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டார். நான்காவது தாளைச் சுண்டு வாங்கிக்கொண்டாள்.

'அன்புள்ள சித்தப்பா, கார் சாயவில்லை. தரைதான் சாய்ந்திருக்கிறது. ஸ்கேல் வைத்து இரண்டு முறை அளந்தேன். பள்ளத்தைப் பற்றிச் சொன்ன நான், நீங்கள் மெதுவாகத்தான் ஓட்டினீர்கள் என்று சொல்லாமல் விட்டேன். அன்று எனக்குத் தலைவலியும் இல்லை.'

அப்பா அதை வாசித்தார். பேனாவை எடுத்தார். கீழே இரண்டு வரி எழுதினார்: 'தப்பு என்னுடையதுடா. உன் சாவி அதே ஆணியில்தான் தொங்குகிறது.'

சுண்டு உறையின் ஓரத்தைப் பசை தடவி ஒட்டினாள். தெருமுனைத் தபால்பெட்டியின் வாய் அவளுக்கு எட்டவில்லை. அப்பா அவளைத் தூக்கிப் பிடித்தார். கடிதம் உள்ளே விழுந்த சத்தம் கேட்கும்வரை இறக்கிவிடவில்லை.