மூச்சு வாங்கும் வண்டி

பழைய மின்கலத்தை வண்டியின் வயிற்றிலிருந்து இறக்குவதற்குள் பட்டறையின் பாரந்தூக்கி இரண்டு முறை முனகி நின்றது. முந்நூற்று எண்பது கிலோ. புதியதைப் பட்டறைக்காரர் அங்கமுத்து அரை மூட்டை அரிசிபோலத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார்.

"இவ்வளவுதானுங்களா?" என்றாள் குமுதவல்லி.

"நாப்பது கிலோம்மா. எங்கூட்டுக்காரி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போற பெட்டி இதைவிடக் கனம்."

கீழ்ச்சேலத்தில் கனம் என்பது சிரிக்கிற விஷயமல்ல. பகல் வெயில் மனிதர்களை மண்ணுக்கடிக்குத் துரத்தி அறுபது வருடம் ஆகியிருந்தது. வெள்ளைக்கல் வெட்டிய பழைய சுரங்கங்களை அகலப்படுத்தி, ஊரை ஆறு தட்டுகளாகக் கட்டியிருந்தார்கள். அடித்தட்டில் கடைவீதி, அதற்கு மேலே வீடுகள். மேல்தட்டுகளின் தரை வெறும் குடைந்த கல் என்பதால் கனமான கார்கள் அடித்தட்டைத் தாண்டக் கூடாது. ஊருக்கான காற்றை மேலேயிருந்து இழுத்துக் குளிர்வித்து, காற்று வாரியம் அளந்து அனுப்பியது.

குமுதவல்லி வாடகைக் கார் ஓட்டினாள். வீடு நான்காம் தட்டில், நூற்றுப் பத்துப் படி ஏறிப் போக வேண்டும். அவள் கணவன் மாதேஸ்வரன் பன்னிரண்டு வருடம் வெள்ளைக்கல் அறுத்து, அந்தத் தூளையெல்லாம் நெஞ்சில் சேர்த்து வைத்திருந்தான். மூன்று வருடமாக அவன் படி இறங்கவில்லை. மருத்துவரிடம் போக வேண்டுமென்றால் ஆள் பிடித்து நாற்காலியோடு தூக்கிவர வேண்டும். இலேசான மின்கலம் போட்டுவிட்டால் காரை வீட்டு வாசல்வரை கொண்டுபோகலாம். அதற்காகத்தான் வந்திருந்தாள்.

ஆனாலும் அவளுக்கு ஒன்று புரியவில்லை. "மீதிக் கனமெல்லாம் எங்கேங்க போச்சு?"

அங்கமுத்து கையைத் துடைத்துக்கொண்டார். "பழைய கலம் கட்டுச்சோத்து மூட்டையோட கிளம்புற ஆளு. வேண்டியதெல்லாம் வயித்துல சுமந்துக்கிட்டே ஓடும். இது கையை வீசிட்டுக் கிளம்பி, போற வழியில சாப்பிடுற ஆளு. உள்ளே இருக்கிறது உலோகம் மட்டும். மீதிக்கு மூக்கு வழியாக் காத்தை இழுத்து, அதுல இருக்கிற பிராணவாயுவை எடுத்துக்கும். மூச்சுக்கலம்னு பேரே அதனாலதான்."

"சார்ஜ் போட்டா?"

"சாப்பிட்டதையெல்லாம் வெளியே விட்டுட்டு மறுபடி இலேசாயிடும். கேள்வி கேட்டது போதும், பூசையைப் போடலாம்."

புதுக் கலம் மாட்டினால் புது வண்டிதான். பூசணிக்காயின் மேல் கற்பூரம் ஏற்றி, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டியின் முகத்துக்குக் காட்ட வேண்டும் என்பது பட்டறைக்காரர்களின் வழக்கம். அங்கமுத்து காட்டினார். முன்பக்கச் சல்லடைக்கு நேரே போனதும் சுடர் சுருங்கி, நீலமாகி, அணைந்தது. மறுபடி ஏற்றினார். மறுபடியும் அணைந்தது. அவர் முகம் கறுத்தது.

"என்னம்மா இது... சாமி ஏத்துக்க மாட்டேங்குது. வேற நாள் பார்க்கலாமா?"

குமுதவல்லி சுடரைப் பார்க்கவில்லை, சல்லடையைப் பார்த்தாள். பூசணிக்காயிலிருந்து எழுந்த புகை முழுவதும் அதற்குள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டி மோட்டாரை அணைத்தாள்.

"இப்பக் காட்டுங்க."

கற்பூரம் நின்று எரிந்தது.

"வண்டிக்கு வெட்கம்போல" என்றார் அங்கமுத்து, பெருமூச்சு விட்டு. மீதிக் கற்பூரத்தை அவள் கையில் கொடுத்தார்.

அன்று முழுவதும் ஓட்டினாள். மாலையில் சரிவுப் பாதையில் வண்டியை ஏற்றி, முதல்முறையாக வீட்டு வாசலில் நிறுத்தினாள். கலத்தின் எடையைச் சொல்லும் எடைக்காட்டி அறுபத்திரண்டு என்றது. காலையில் நாற்பதாக இருந்தது. ஓட ஓடக் கனக்கிற கலம்! பழுதோ என்று பயந்து, பிறகு அங்கமுத்து சொன்ன சாப்பாட்டுக் கதை நினைவுக்கு வந்து, சார்ஜ் கம்பியைச் சொருகினாள். வண்டிக்கு அடியிலிருந்து மெல்லிய காற்று வாசலுக்குள் வீசத் தொடங்கியது.

ஒரு மூச்சுக்கு நான்கு சொல் என்பது மாதேஸ்வரனின் கணக்கு. அதற்கு மேல் பேசினால் இருமல் வந்துவிடும். அவன் எதையும் தந்தி மாதிரிதான் பேசுவான். "தண்ணி கொஞ்சம் குடு." "கதவைச் சாத்து."

குமுதவல்லி வாசலில் குனிந்து, ஒரு தட்டில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தி, வண்டிக்கு அடியில் தள்ளினாள். சுடர் வெள்ளையாகச் சீறி முழ உயரம் எழுந்தது. அலறித் தட்டை இழுத்துத் தெருவில் எறிந்தாள்.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஏன் புள்ள, காலையில பட்டறையில போட்ட பூசை பத்தாதுன்னு இங்க வேற வந்து ஒண்ணு போடறியா?"

அவள் அப்படியே நின்றாள். சொற்களை எண்ணினாள். பதினொன்று. பன்னிரண்டு. இருமல் வரவில்லை.

அடுத்த நாள் அடுப்பை வீட்டின் கடைசி அறைக்கு மாற்றினாள். விளக்கு ஏற்றுவதை நிறுத்தினாள். பட்டறைக்குப் போகாமலே அவளுக்கு எல்லாம் விளங்கியது. பகலில் வண்டி சாலையில் இருபத்திரண்டு கிலோ பிராணவாயுவைச் சாப்பிடுகிறது. மாலையில் அதை வீட்டில் விடுகிறது. ஒரு மனிதனுக்கு ஒரு நாள் முழுக்க மூச்சுவிட ஒரு கிலோகூட வேண்டாம். அப்படியென்றால் தினமும் இருபது பேருக்கு மேற்பட்டவர்களின் மூச்சை வீட்டுக்குக் கொண்டுவருகிறோமே, யாருடையது? கேள்வி வந்த நேரம் மாதேஸ்வரன் இரண்டாம் முறை சோறு கேட்டான். மூன்று வருடத்தில் அவன் அப்படிக் கேட்டதில்லை. கேள்வியை விட்டுவிட்டுச் சோற்றைப் போட்டாள்.

இத்தகைய விஷயம் ஒரு வீட்டில் நிற்காது. மாதேஸ்வரன் வாசலுக்கு வந்து நின்றதைத் தெரு பார்த்தது. இரண்டே மாதத்தில் கீழ்ச்சேலத்தில் கார் வைத்திருந்தவர்களெல்லாம் மூச்சுக்கலத்துக்கு மாறினார்கள். இலேசாக இருக்கிறது என்று வாங்கிய கலம் மாலையில் எவ்வளவு கனமாக வந்தது என்பதே பேச்சாயிற்று.

"உங்களது இன்னிக்கு எவ்வளவு?"

"அம்பத்தொம்போது."

"அய்யே, எங்களது அறுபத்தொண்ணு!"

வேலையில்லாதவர்களும் மாலையில் வண்டியை எடுத்துக் கடைவீதியில் இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். எங்கே போகிறீர்கள் என்றால், "மூச்சு வாங்கப் போறோம்" என்றார்கள். கடைக்கு உப்பு வாங்கப் போகிறவர்கள்போலச் சொன்னார்கள்.

கடைவீதியில் நடந்தவர்களும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். சுமைக்காரர்கள் பாதி வழியில் மூட்டையை இறக்கி, "மூச்சு வாங்குதுப்பா" என்று முழங்காலைப் பிடித்து நின்றார்கள். பூ விற்கும் சின்னப்பாப்பா, "மல்லி" என்று கூவி, நிறுத்தி, மூச்சிழுத்து, பிறகு "முல்லை" என்றாள். வயசு என்றார்கள், புழுக்கம் என்றார்கள். காற்று வாரியம் அளந்து பார்த்து, ஊரின் மொத்தக் காற்றில் ஒரு துளியும் குறையவில்லை என்று அறிக்கை விட்டது. அது உண்மைதான். எதுவும் குறையவில்லை. இடம் மட்டும் மாறியிருந்தது.

குமுதவல்லி சின்னப்பாப்பாவைக் கடக்கும்போது கண்ணாடியை ஏற்றிக்கொள்ளப் பழகியிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நான்கு மணி இருக்கும். எடைக்காட்டி ஐம்பத்தெட்டில் இருந்தது. கைப்பேசி ஒலித்தது. கடைவீதியில் முடிவெட்டும் கடைக்காரர் பேசினார்.

"குமுதாக்கா, உங்க வீட்டுக்காரரு இங்க வந்தாருங்க. சொந்தக் கால்ல இறங்கி வந்துட்டேன், மீசையை நல்லா ஒதுக்கி விடுன்னு சிரிச்சாரு. நாற்காலிக்கு வர்றதுக்குள்ள வாசல்லயே உக்காந்துட்டாரு. பேச்சு வரலை."

அவள் போய்ச் சேர்ந்தபோது உதவி அவளுக்கு முன்னால் வந்திருந்தது. நல்ல மனம் படைத்த நான்கு பேர் தங்கள் கார்களை அவனைச் சுற்றிலும் நெருக்கி நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, "ஏறுங்கண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கு மோட்டார்களும் ஓடின. நான்கு சல்லடைகளும் மாதேஸ்வரனின் முகத்துக்கு நேரே இருந்தன. அவன் உதடு நீலமாகியிருந்தது.

"அணைங்க!" என்று கத்தினாள். "எல்லாரும் வண்டியை அணைங்க!"

"என்னக்கா சொல்றீங்க? ஏத்துனாத்தான் போக முடியும்."

"நீங்க ஏத்துறதுக்குள்ள அவரு போயிருவாருங்க! அணைங்க!"

சாவிகளை அவளே கை நீட்டித் திருகினாள். ஒருவர் திட்டினார். காதில் வாங்கவில்லை. கடைக்கு எதிரே தெருவின் சார்ஜ் கம்பம் இருந்தது. தன் வண்டியைப் பின்பக்கமாக ஓட்டி மாதேஸ்வரனை ஒட்டி நிறுத்தி, கம்பத்தின் கம்பியை இழுத்துச் சொருகினாள். வண்டிக்கு அடியிலிருந்து காற்று வந்தது. அவன் தலையைத் தூக்கி அந்தக் காற்றுக்கு நேரே மடியில் வைத்துக்கொண்டாள்.

ஐம்பத்தேழு. ஐம்பத்தாறு.

"பேசுங்க" என்றாள். "ஏதாச்சும் பேசுங்க."

ஐம்பத்து நான்கில் அவன் கண் திறந்தது. "மீசை," என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஒதுக்கலை."

அவள் அழுதாள், சிரித்தாள். பக்கத்தில் யாரோ உட்காரும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். சின்னப்பாப்பா பூக்கூடையோடு வந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் சுமைக்காரர்கள் ஐந்தாறு பேர். ஏன் அங்கே வந்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. கால் தானாகக் கொண்டுவந்து விட்டிருந்தது. உட்கார்ந்து மூச்சு மட்டும் விட்டார்கள்.

அப்போது ஒரு கார் மெல்ல ஊர்ந்து வந்து, குமுதவல்லியின் வண்டிக்குப் பின்னால் மூக்கை ஒட்டி நின்றது. மோட்டார் ஓடியது. ஓட்டியவனுக்கு முப்பது வயதிருக்கும். அவன் எடைக்காட்டியைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையை நீட்டினான்.

"அக்கா, இந்த இடத்துல நல்லா ஏறுதுங்க! கொஞ்ச நேரம் நின்னுக்கட்டுங்களா?"

அவளுடைய கலத்தில் குறைந்த எண் அவனுடைய கலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. சின்னப்பாப்பா மறுபடி வாயைத் திறந்து மூச்சிழுத்தாள்.

"அணைப்பா" என்றாள் குமுதவல்லி.

"அம்மா படுக்கையில இருக்காங்கக்கா. நான் கொண்டு போனாத்தான் அவங்களுக்கு மூச்சு."

இத்தனை மாதமாக அவள் செய்ததைத்தான் அவனும் செய்தான். அதே அன்போடு, அதே சல்லடையை வைத்துக்கொண்டு.

மாதேஸ்வரன் அவள் மடியிலிருந்து தலையைத் திருப்பினான். "தம்பி, அம்மாவை இங்க கூட்டியா."

"கூட்டியாரணும்னா வண்டியை எடுக்கணுமேண்ணா."

சொல்லி முடித்ததும் அவன் முகம் மாறியது. தான் சொன்னது என்னவென்று அவனுக்கே அப்போதுதான் கேட்டது போலிருந்தது. சுற்றிலும் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். மோட்டாரை அணைத்தான். இறங்கினான். சுமைக்காரர்களில் இரண்டு பேர் ஒன்றும் கேட்காமல் எழுந்து அவனோடு படிக்கட்டுப் பக்கம் நடந்தார்கள்.

எடைக்காட்டி ஐம்பத்தொன்று. இன்னும் பதினொரு கிலோ. அந்த அம்மா வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிடக் கூடாது.

ஆனால் அவன் காருக்குப் பின்னால் இன்னொரு கார் வந்து நின்றிருந்தது. அதன் பின்னால் ஒன்று. தெரு வளைவுவரை ஏழு கார்கள் மோட்டார் ஓட, வரிசையாக, ஒழுங்காக, இந்த இடத்தில் நன்றாக ஏறுகிறது என்று கேள்விப்பட்டு நின்றிருந்தன. குமுதவல்லி கணவனின் தலையைச் சின்னப்பாப்பாவின் மடியில் மாற்றி வைத்தாள். வரிசையின் முதல் காருக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

சட்டைப் பையில் பேனா வைத்திருந்த பெரியவர் கண்ணாடியை இறக்கினார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்க வீட்ல யாருக்குங்க முடியலை?" என்றாள் அவள். ஒவ்வொரு வண்டியிலும் இதைக் கேட்டு, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு நோயாளியை இங்கே இறக்கிக்கொண்டுவர வேண்டியதுதான் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தாள்.

பெரியவர் சற்று வெட்கத்தோடு சிரித்தார்.

"எங்க வீட்லயா? யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா, சாமி புண்ணியத்துல எல்லாரும் நல்லா இருக்கோம். சும்மாதான்... எல்லாரும் வாங்கி வைக்கிறாங்களே, நம்ம வீட்லயும் கொஞ்சம் இருக்கட்டுமேன்னு."