துரையை நிற்கச் சொன்ன ஜூடித்

ஜூடித்தின் அப்பா இஸ்ரவேல் பூனைக்குக்கூடக் கட்டளை போட மாட்டார். "கொஞ்சம் நகர்ந்துக்கிறியாம்மா?" என்று அதனிடம் கெஞ்சுவார். பூனை நகராது. அவர்தான் சுற்றிக்கொண்டு போவார்.

அப்பேர்ப்பட்ட அப்பா ஒருநாள் காலையில் கூடத்தின் நடுவே நின்று, "கொம்!" என்று கத்தினார்.

அம்மா ரோசலின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. தங்கை மோலி கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். பக்கத்து வீட்டு லிங்கம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "அய்யோ தேவரே! ஏனாயித்து?" என்று கன்னடத்தில் பதறினாள்.

"ஏனில்லம்மா, ஒண்ணுமில்லை. ஜெர்மன் படிக்கிறேன். கொம்னா வான்னு அர்த்தம்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு, கத்தியதற்காக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. மைசூரில் அப்பா வேலை பார்த்த ஆலைக்கு ஜெர்மனியிலிருந்து புது இயந்திரங்கள் வந்திருந்தன. கூடவே பிரென்னர் என்ற இன்ஜினீயரும் வந்திருந்தார். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. அவர் பேச்சைப் புரிந்துகொண்டு வேலையாட்களுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். யார் ஜெர்மன் கற்றுக்கொள்கிறீர்கள் என்று மேனேஜர் கேட்டபோது அப்பா கையைத் தூக்கிவிட்டார். தூக்கியது தன் கைதானா என்று அவருக்கே அதிர்ச்சி.

கையைத் தூக்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. அதுவரை அவர் பஞ்சு மூட்டை கட்டும் இடத்தில் வேலை செய்தார். அங்கே பறக்கும் தூசியால் ஓயாத இருமல். அவர் இருமுவதைக் கேட்கும்போதெல்லாம் ஜூடித்துக்கு அழுகை வரும்.

இந்த வாரப் பாடம் கட்டளைகள். "நம்ம ஊர் மாதிரியேதான் ஜூடி" என்று அப்பா மகளுக்கு விளக்கினார். "சின்னவங்களை வான்னு சொல்றோம், பெரியவங்களை வாங்கன்னு சொல்றோம் இல்லையா? ஜெர்மன்லயும் அப்படித்தான். உனக்குன்னா கொம். பிரென்னர் துரைக்குன்னா கொமன் ஸீ."

"நில்லுன்னு சொல்ல?"

"உனக்கு ப்ளைப் ஷ்டேஹன். துரைக்கு ப்ளைபன் ஸீ பிட்ட ஷ்டேஹன். தயவுசெஞ்சு நில்லுங்க."

"அம்மாடி! சொல்லி முடிக்கிறதுக்குள்ள துரை வீட்டுக்கே போயிடுவாரே!"

அப்பா சிரிக்கவில்லை. "விளையாட்டு இல்லை, கண்ணு. மரியாதை தப்பிடுச்சுன்னா பழைய இடத்துக்கே போயிடணும்னு மேனேஜர் சொல்லியிருக்கார். குட்டைக் கட்டளை உங்க ரெண்டு பேருக்குத்தான். துரைகிட்ட வாய் தவறக்கூடச் சொல்லக் கூடாது."

அன்றிலிருந்து ஜூடித்துக்கும் மோலிக்கும் புது விளையாட்டு கிடைத்தது. ஜூடித் "கொம்!" என்றால் மோலி ஓடி வருவாள். "ப்ளைப் ஷ்டேஹன்!" என்றால் எப்படி இருக்கிறாளோ அப்படியே நின்றுவிடுவாள். ஒற்றைக் காலைத் தூக்கியிருந்தால் ஒற்றைக் காலில்தான்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. சுவருக்கு வெள்ளையடிப்பதற்காகப் பின்முற்றத்தில் குழி வெட்டி, சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். கல் குமுறிக் குமுறி வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் போகாதே என்று அம்மா மோலியை இருபது தடவையாவது விரட்டியிருப்பாள்.

அந்த நேரம் பார்த்து அப்பா மூச்சிரைக்க ஓடி வந்தார். "துரை வர்றார்! நம்ம வீட்டைப் பார்க்கணுமாம், குடும்பத்தோட போட்டோ எடுக்கணுமாம்! இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவார்!"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "முற்றம் இருக்கிற லட்சணத்துல துரையா? அந்தக் குழியைப் பார்த்தா நம்மளைப் பத்தி என்னங்க நினைப்பார்?"

இரண்டு பேரும் குழியின் மேல் குச்சிகளை அடுக்கினார்கள். கோணியைப் போட்டார்கள். அதற்கும் மேலே விருந்தாளிக்கென்று எடுத்து வைத்திருந்த புதுப் பாயை விரித்தார்கள். பார்க்க என்னவோ அழகாகத்தான் இருந்தது.

"அப்பா, யாராவது மிதிச்சா?" என்றாள் ஜூடித்.

"அந்த மூலைக்கு யாரும்மா போகப் போறாங்க?"

பிரென்னர் துரை வந்தார். வாசல் நிலை தலையில் இடிக்கும் அளவுக்கு உயரம். கழுத்தில் பெட்டிக் கேமரா. அம்மா சுட்ட ரோஸ் குக்கீஸ் பலகாரத்தை நொறுக்கித் தின்றார், காப்பியை ரசித்துக் குடித்தார். பிறகு எல்லோரையும் பின்முற்றத்துச் செம்பருத்திச் செடியருகே நிறுத்தினார். லிங்கம்மா மதிலுக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

துரை குனிந்து கேமராவுக்குள் பார்த்தார். எல்லோரும் அதில் அடங்கவில்லை போலிருக்கிறது. ஓரடி பின்னால் வைத்தார். இன்னும் ஓரடி வைத்தார்.

அவருக்குப் பின்னால் அந்தப் புதுப் பாய் கிடந்தது.

அம்மா, "ஐயோ, குழி! குழி!" என்று இரண்டு கையையும் ஆட்டினாள். தமிழ் தெரியாத துரை, அம்மா தனக்குக் கை அசைக்கிறாள் என்று நினைத்துத் தானும் சிரித்தபடி கை அசைத்தார். அப்படியே இன்னோர் அடி வைத்தார்.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. கையைக் கூப்பிக்கொண்டு, "ப்ளை... ப்ளைபன்... ஸீ... பிட்ட..." என்று திணறினார்.

துரையின் குதிகால் பாய்க்கு மேலே தூக்கியிருந்தது.

அப்பாவின் இருமல் ஜூடித்தின் ஞாபகத்துக்கு வந்தது. மூட்டை கட்டும் இடமும் வந்தது. ஆனால் அந்தக் கால் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டித் தொண்டை கிழியக் கத்தினாள்.

"ப்ளைப் ஷ்டேஹன்!"

துரை திடுக்கிட்டு அப்படியே நின்றார், ஒற்றைக் காலில். கேமரா 'கிளிக்' என்றது.

பத்து வயதுப் பெண், ஆறடித் துரையை, 'நில்லுடா' என்கிற மாதிரி அதட்டிவிட்டாள்!

ஜூடித் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். பிறகு பாயின் ஓரத்தைப் பிடித்து விலக்கினாள். புகுபுகுவென்று ஆவி எழும்பியது. உள்ளே வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் துரை கேமராவை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

ஜூடித்துக்கு இப்போதுதான் பயம் வந்தது. மரியாதை! எப்படியாவது மரியாதையைச் சேர்க்க வேண்டுமே! நாற்காலியைக் காட்டி, "கொம்... கொம்முங்க!" என்றாள், கண்ணில் நீர் முட்ட.

துரை தொப்பென்று உட்கார்ந்தார். அப்பா கூப்பிய கையை இறக்கவே இல்லை. "தப்பு எங்களோடது. வெட்கப்பட்டுக் குழியை மூடினோம். குழந்தைக்குக் குட்டைக் கட்டளை மட்டும்தான் தெரியும். மன்னிச்சிடுங்க" என்று தெரிந்த ஜெர்மன், தெரிந்த இங்கிலீஷ் இரண்டையும் கலந்து கட்டிச் சொன்னார்.

துரை நீளமாக ஏதோ பேசினார். கேட்கக் கேட்க அப்பாவின் வாய் திறந்துகொண்டே போனது.

"என்னங்க சொல்றார்? வேலை போச்சா?" என்றாள் அம்மா.

"இல்லை, ரோசலின். நாளையிலிருந்து நான் அவர் கூடவே இருக்கணுமாம். ஆனா ஒரு நிபந்தனையாம்." அப்பா கூப்பிய கையை இப்போதுதான் இறக்கினார். "இயந்திரத்துப் பக்கத்துல அவருக்கு ஆபத்து வந்தா, நான் ஜூடி மாதிரியே கத்தணுமாம்."

"ஸீ சேர்க்காமலா?" என்றாள் ஜூடித்.

"சேர்க்காம!" என்றார் அப்பா. இத்தனை நேரம் பட்ட அதிர்ச்சியையெல்லாம் இது தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

அப்போதுதான் எல்லோரும் மோலியைக் கவனித்தார்கள். அக்காவின் கட்டளையைக் கேட்டு அவளும் செம்பருத்தி பக்கத்தில் ஒற்றைக் காலிலேயே நின்றுகொண்டிருந்தாள். துரை விழுந்து விழுந்து சிரித்தார்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் போட்டோ வந்தது. கும்பிட்ட கையோடு அப்பா. இரண்டு கையையும் ஆட்டியபடி அம்மா. மதிலுக்கு மேல் லிங்கம்மாவின் இரண்டு கண்கள். ஒற்றைக் காலில் மோலி. நடுவில், வாயை அகலத் திறந்து கை நீட்டிய ஜூடித். வெள்ளையடித்த சுவரில் அதை மாட்டினார்கள்.

பலகாரம் கொடுக்க வந்தவர்களெல்லாம், "என்ன, எல்லாரும் பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க?" என்று கேட்டார்கள்.

"இதோ, எங்க வீட்டு மேஸ்திரியைக் கூப்பிடுறேன்" என்று அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "ஜூடி, கொம்!"

ஜூடித் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. வழியில் படுத்திருந்த பூனையைப் பார்த்தும் ஒரு கட்டளை போட்டார்.

"கேஹ்! போ!"

பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. அப்பா சுற்றிக்கொண்டு போனார்.