சரசா... பேக்!

டெலிபோன் அலறியது!

சரசா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து எடுத்தாள். மறுமுனையில் கணவர் நாகேஸ்வரன். மூச்சு இரைத்தது.

"சரசா... பேக்!"

அவ்வளவுதான். தொப்பென்று ஏதோ விழும் சத்தம்!

கும்பகோணம் சீட்டாட்ட கிளப்பின் போன் அறையில், பின்மண்டை உடைந்து செத்துக் கிடந்தார் அந்த ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். முதலில் பார்த்தது, தினமும் அவரோடு மூணு சீட்டு ஆடும் துரைக்கண்ணு.

"பேக்ல பணம் இருந்திருக்கு. அடிச்சுட்டுத் தூக்கிட்டான்" என்றார் இன்ஸ்பெக்டர் இளையபெருமாள். "அவர் சொன்ன வார்த்தை நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சா போதும்மா. மூச்சு விடாதீங்க!"

நாலாம் நாள்.

இன்ஸ்பெக்டர் ரேழியில் மறைந்து நிற்க, கூடத்தில் அவர் சந்தேகப்பட்ட துரைக்கண்ணு. சரசாவின் பக்கத்தில் தம்பி விஸ்வா. தாயில்லாப் பிள்ளையென்று அவள் ஊட்டி வளர்த்தவன். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்திருந்தது; விசாவுக்காக மெட்ராஸ் போயிருந்தவன், சேதி கேட்டு ஓடி வந்திருந்தான்.

கல்யாணமான புதிதில் புளியங்கொட்டையை வைத்து அவர் ஆட்டம் கற்றுக்கொடுத்தது சரசாவுக்கு ஞாபகம் வந்தது.

'கையில நல்ல சீட்டு இல்லேன்னாலும் இருக்கற மாதிரி பந்தயம் கட்டணும், சரசா. முதல்ல சின்னதா. எதிராளி அசையலேன்னா ஏத்து. கை மட்டும் நடுங்கப்படாது!'

சின்னதாகக் கட்டினாள்.

"துரைக்கண்ணு... அவர் சாகறப்போ எனக்குப் போன் பண்ணினார்."

"தெரியும் மாமி. ரிசீவர் தொங்கிட்டு இருந்துதே..."

அசையவில்லை படுபாவி! ஏற்றினாள்.

"அடிச்சது யாருன்னு கேட்டேன்."

"கேட்டீங்களா? நல்லதாப் போச்சு!"

இருந்ததையெல்லாம் வைத்தாள்.

"பேரைச் சொல்லிட்டார்!"

"பொய்!"

கத்தியது துரைக்கண்ணு இல்லை... விஸ்வா!

"பேக்னு ஒரே வார்த்தைதானேக்கா சொன்னார்..."

சரசா அவன் பக்கம் திரும்பினாள்.

"மெட்ராஸ்ல இருந்த உனக்கு... அது எப்படிடா தெரியும்?"

அவன் அக்காவின் மடியில் விழுந்தான்.

"டிக்கெட்டுக்கு வளையலை வித்துக் கொடுத்தியே... எல்லாத்தையும் சீட்டுல விட்டுட்டேன்க்கா. அத்திம்பேர்கிட்ட கெஞ்ச வந்தேன். உன்கிட்ட சொல்றேன்னு போனை எடுத்தார்... தள்ளிட்டேன். மேஜை முனை பட்டுடுத்து. அப்புறமும் தடுமாறி எழுந்து நம்பரைச் சுத்தினார். என்னையே பார்த்துண்டு பேக்னார்..."

இன்ஸ்பெக்டர் உள்ளே பாய்ந்தார். "அந்தப் பேக் எங்கேடா?"

"எந்தப் பேக் சார்? அவர் கையில ஒண்ணுமே இல்லையே!"

சரசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ... மனுஷர் ஆயுசில் பையைப் 'பை' என்றுதானே சொன்னார்! பேக் என்று அவர் சொன்னது சீட்டாட்டத்தில் மட்டும்தான். இதற்குமேல் ஆடவில்லை, விட்டுவிடுகிறேன் என்று கையிலிருக்கும் சீட்டைக் கவிழ்க்கும்போது!

பணப்பையைச் சொல்லவில்லை அவர். விட்டுடு சரசா, கிளறாதே, நீ தாங்கமாட்டாய் என்று உயிர் போகிற நேரத்தில் கெஞ்சியிருக்கிறார்.

"எனக்குப் புரியலையேன்னா..." தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

விலங்கோடு விஸ்வா வாசற்படி இறங்கினான். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

"பலே! கையில ஒரு சீட்டும் இல்லாம ஜெயிச்சுட்டீங்களேம்மா!" என்றார் இன்ஸ்பெக்டர்.

சரசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா சார்... வீட்டுல ஒருத்தரும் இல்லாம ஜெயிச்சுட்டேன்!"