நாலாம் நம்பர் பிரஸ்

ஆறு படிகள்தான் எழுதியிருந்தாள். தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது திரையில் ஏழு இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஒரகடத்தில், கார்க் கதவுகளுக்குத் தகடு அழுத்தித் தரும் அந்தத் தொழிற்சாலையில் லைன் ஓடவில்லை. வாரமெல்லாம் இரைந்துகொண்டிருக்கும் கம்ப்ரஸர் அடங்கிப்போனதில், தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொள்ளும் சத்தமும், பழைய எண்ணெய் வாடையும், எங்கோ எதுவோ சொட்டுவதும் கண்ணாடி அறைக்குள் இருந்த எவாஞ்சலினுக்கு மிக அருகில் வந்துவிட்டன. தரப் பிரிவில் அவளுக்கு இது இரண்டாவது வருடம். நாலாம் நம்பர் பிரஸ்ஸை இயக்கும் முறையை ஆவணமாக எழுதிக்கொண்டிருந்தாள். நோக்கம், யாருக்குப் பொருந்தும், யார் பொறுப்பு, அதன்பின் படிகள். ஒரு படிக்கு ஒரே வேலை, செய்கிற வரிசையிலேயே.

ஏழாவது படி: ‘கை உள்ளே இருக்கிறது. சுவிட்சைப் போடாதே.’

அழித்தாள்.  சிக்கிய தகட்டை எடுக்க, அந்த பிரஸ்ஸை ஓட்டிய அருள்பாண்டி உள்ளே கையை விட்டபோது யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். போன மாதம். அவன் செத்தபோது அந்த மெஷினுக்கு எழுதிவைத்த முறை என்று எதுவுமே இல்லை.

போன் அடித்தது. மேனேஜர் வசந்தகுமார்.

“முடிச்சிட்டியாம்மா? ஆக்ஸிடென்ட்டுக்கு முன்னாடியே இருந்த மாதிரி டேட்டு ஜனவரின்னு போடு. நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வராரு.”

“சார், ஃபைல நீங்க தொறந்தீங்களா?”

“நான் வாலாஜாபாத்ல கல்யாணத்துல கீறேன். இன்னா ஃபைலு? படிச்சுப் புரிஞ்சிகிட்டேன்னு அருள்பாண்டி கையெழுத்து வோணும். அவன் லீவு லெட்டரு இருக்குல்ல, பாத்து நீயே போட்டுடு.”

“தப்பு அவரு மேலன்னு ஆயிடும் சார்.”

“உனக்கு வேல வோணுமா, வாணாமா?”

போட்டாள். அச்சடித்த தாளில், அருள்பாண்டி பெயருக்கு நேரே, ‘டி’யின் சுழியை மட்டும் இரண்டு தடவை பழகிப் பார்த்துக்கொண்டு போட்டாள். அதில் ஆறு படிகள்தான் இருந்தன. விரல் வைத்து எண்ணினாள். மெஷின் பக்கத்துப் பலகையில் மாட்டிவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம்.

நாலாம் நம்பரை நெருங்க நெருங்கச் சொட்டும் சத்தம் பெரிதானது. மெயின் சுவிட்சில் பூட்டுத் தொங்கியது. விளக்கு எதுவும் எரியவில்லை. ஆனாலும் இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் ஓடி நின்றதுபோல.

தாளைப் பலகையில் செருகப் போனாள். அருள்பாண்டி பெயருக்கு நேரே அவள் கையெழுத்துப் போட்ட கட்டம் வெறுமையாக இருந்தது.

சொட்டுவது நின்றது.

மூச்சு. அவளுடையது இல்லை.

மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவே, இருட்டுக்குள், ஏதோ உரசியது. நான்கு விரல்கள். கிரீஸ் அப்பிய நகங்கள். விளிம்பைத் தடவின. பிறகு மணிக்கட்டு. முழங்கை.

ஒரு அடி பின்னால் வைத்தாள். 

தோள்வரை அந்தக் கை வெளியே வந்தது. அதற்குப் பின்னால் யாரும் இல்லை. உள்ளங்கையை மலர்த்தி, அவள் கையிலிருந்த தாளுக்குக் கீழே நீட்டிக்கொண்டு, அசையாமல் காத்திருந்தது.