மிதிக்காமல் வந்த மின்சாரம்

சுவர்ணாவின் அலறல் நெல்லியடிச் சந்தி வரை கேட்டிருக்கும்.

கரவெட்டி அறிவியல் கூடத்தைக் காலையில் அவள்தான் திறந்தாள். 'தொட்டுப்பார்' என்று அதற்குப் பெயர். உள்ளே வரும் பிள்ளைகள் எதையும் தொடலாம், திருகலாம். நடுவில் ஒரு சைக்கிள். மிதித்தால் மேலே பல்பு எரியும்.

சைக்கிளில் குகதாசன் இருந்தார்.

கூடத்தைக் கட்டியவர், தனிக்கட்டை. ஹாண்டிலில் இறுகிய கைகள்... திறந்த வாய்... கருகிய உள்ளங்கை.

சுவர்ணா ஓடினாள். அவரிடம் அல்ல, மெயின் சுவிட்சிடம். அதை அணைத்த பிறகே அவரைத் தொட்டாள்.

அதுவே அவளுக்கு வினையானது.

"தொட முதல் கரண்டை நிப்பாட்டினீரோ?" என்று கேட்டாள் சப் இன்ஸ்பெக்டர் பிரசாந்தி. "மிதிச்சால்தானே அதிலை கரண்ட் வரும்?"

"அவற்றை கை கருகியிருந்தது, மிஸ். அந்தச் சைக்கிளின்ரை கரண்டுக்கு எறும்பும் சாகாது. வேறை கரண்ட் எண்டு விளங்கிட்டுது."

"சைக்கிளைச் செய்தது ஆர்?"

"...நான்தான்."

சுவர் பிளக்கிலிருந்து ஒரு வயர் வந்து, சீற்றுக்குக் கீழே இரும்பில் முறுக்கப்பட்டிருந்தது. மின்கசிவில் தானே விழும் ட்ரிப் சுவிட்சும் வேலை செய்யாதபடி மாற்றப்பட்டிருந்தது. வயரிங் முழுவதும் சுவர்ணாவின் பொறுப்பு. கவனக்குறைவு என்றாலும் சிறை. கொலை என்றால்...

ஸ்டேசன் வாசலில் அவளுடைய அம்மா சாப்பாட்டுப் பார்சலோடு நின்றாள். பார்சல் ஆறிக்கொண்டிருந்தது.

பிற்பகல் தியாகராசா வந்தார். செத்தவரின் சொந்த அண்ணன். அந்தப் பெட்டையை இன்றைக்கே கோர்ட்டில் ஏற்ற வேண்டும், கூடத்தைப் பூட்ட வேண்டும் என்றார்.

பிரசாந்தி கேட்டுக்கொண்டாள். கூடம் நிற்பது குடும்பக் காணி. குகதாசன் தன் பங்கை வருகிற கிழமை கூடத்தின் பெயருக்கே எழுதவிருந்தார். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. சுவர்ணா சொல்லியிருந்தாள்.

உயிர் போனது முதல்நாள் பின்னேரம் என்றார் டொக்டர். அந்த நேரம் எங்கே நின்றீர்கள் என்று பிரசாந்தி கேட்டாள்.

"கோயிலிலை. நேற்று எங்கடை திருவிழா, பிள்ளை. ஊரே கண்டது. போய்க் கேட்டுப் பாரும்."

அவள் போய்க் கேட்டாள்.

ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தினுடையது. அன்றைக்கு அந்த வீட்டுப் பெரியவர் முன்னால் நின்று ஐயரிடம் காளாஞ்சி வாங்க வேண்டும். ஊர் பார்க்க வாங்கும் தாம்பூல மரியாதை.

திரும்பி வந்த பிரசாந்தி கதிரையை இழுத்துப் போட்டு அவர் முன்னால் இருந்தாள்.

"கோயிலிலை நிண்டது உண்மைதான், ஐயா. ஆனால் வெளிவீதியிலை."

"எனக்குக் காய்ச்சல்."

"உங்கடை மனுசிக்கு?"

அவர் வேட்டித் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார்.

"பிள்ளையளுக்கும் காய்ச்சலோ? பட்டுக் கட்டிக்கொண்டு வந்ததுகளை வாசலிலை மறிச்சனீங்களாம். ஐயர் காளாஞ்சியோடை வெளியிலை வர, கையைப் பின்னாலை கட்டினீங்களாம். ஏன்?"

மேசை விசிறி ஒரு தரம் அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது.

தியாகராசா சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது போலச் சொன்னார்:

"துடக்கோடை உள்ளை போகக் கூடாது, பிள்ளை. சாமிக் குற்றம்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

துடக்கு... சொந்தத்தில் சாவு விழுந்தால் வரும் தீட்டு. குகதாசன் செத்தது அந்தப் பின்னேரம் ஊரில் எவருக்கும் தெரியாது. கொன்றவனைத் தவிர.

மற்றதெல்லாம் மெல்ல மெல்ல வந்தது. பிள்ளைகள் தொடப்போகும் ஒவ்வொன்றையும் பின்னேரத்தில் தம்பி தானே தொட்டுப் பார்ப்பார் என்பது அவருக்குத் தெரியும். வயரை முறுக்கிவிட்டு யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிறகு குளித்து, வேட்டி மாற்றிக் கோயிலுக்குப் போயிருக்கிறார்.

"காலமை பள்ளிக்கூடப் பிள்ளையள் முதல் வந்து தொட்டிருந்தால்?"

"அதை நான் யோசிக்கேல்லை."

பிரசாந்தி அதையும் வாக்குமூலத்தில் எழுதினாள்.

பிறகு எழும்பிப் போய் லொக்கப்பைத் திறந்து சுவர்ணாவை வெளியே விட்டாள். அம்மா பார்த்துக்கொண்டு நிற்கிறா, போய்ச் சாப்பிடு என்றாள். உள்ளே அவள் இருந்த வாங்குப் பலகையில் இப்போது தியாகராசா இருந்தார்.

"நான் எப்ப வெளியிலை போகலாம், பிள்ளை?"

பிரசாந்தி பூட்டைத் திருகினாள்.

"துடக்கு முப்பத்தோராம் நாள் அந்திரட்டியோடை கழிஞ்சிடும், ஐயா. இதுக்கு நீதவான் நாள் சொல்லுவார்."