ரெண்டு தட்டு

ஐஸ் கம்பெனிக்குள் முதல்முதலாகக் கால் வைக்கிறவனுக்கு வாசலிலேயே ஒரு தயக்கம் வரும். வெளியே காரைக்கால் வெயில் மண்டையைப் பிளக்கும். இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் மார்கழிக் குளிர். ஜன்னல் என்பதே கிடையாது. அழுது வடிகிற நாலு குண்டு பல்புகள்தான் வெளிச்சம். அமோனியா வாடை மூக்கின் அடிவரை போய்க் குத்தும்.

நெடுங்காட்டிலிருந்து வந்த பூமிநாதன் அப்படித்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். எழுபதுகளின் பிற்பாதி, வாய்க்காலில் தண்ணீர் வராமல் குறுவை பொய்த்துப்போன வருஷம். வயல் வேலை தவிர வேறெதுவும் தெரியாதவன். வீட்டில் கைக்குழந்தையோடு பெண்சாதி காத்திருந்தாள். திரும்பிப் போக வழியில்லை, உள்ளே போகக் கால் வரவில்லை.

"புதுசா தம்பி? வாங்க, வாங்க. அங்கயே நின்னா வெறச்சிருவீங்க."

கூப்பிட்டவர் காத்தமுத்து. கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், கட்டுமரத்தை விட்டுவிட்டு இங்கே வந்து, இப்போது எல்லோருக்கும் மூத்த ஆள். அவர் காலில் செருப்பில்லை. கோணிச்சாக்கைக் கிழித்துச் சுற்றிக் கட்டியிருந்தார். கம்பெனி அவருக்குக் கொடுத்த ஒரே ஜோடி ரப்பர் பூட்ஸை, புதிதாக வருகிறவன் எவனோ அவன் காலில்தான் மாட்டிவிடுவார். அவனுக்குக் குளிர் பழகியதும் அது அடுத்த புது ஆளுக்குப் போகும். உப்பு அரித்த கைக்குத் தடவத் தேங்காயெண்ணெயும் அவர் வீட்டிலிருந்தே வரும். எந்நேரமும் அவர் மேல் அந்த எண்ணெய் வாசம் இருக்கும். கூடப்பிறந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்று பூமிநாதன் வீட்டில் போய்ச் சொன்னபோது அவன் பெண்சாதி நம்பவில்லை.

அந்தக் கூடத்தில் தரை கிடையாது. கால் வைக்கிற இடமெல்லாம் மரப்பலகை, பலகைக்குக் கீழே உப்புத்தொட்டி. கை வைத்தால் எலும்பு வரை இறங்கும் குளிரில் உப்புத் தண்ணீர் உறையாமல் கறுப்பாகச் சுழன்றுகொண்டிருக்கும். நல்ல தண்ணீர் ஊற்றிய தகர டப்பாக்கள் அதில் வரிசையாக முங்கிக் கிடக்கும். உறைந்ததும் சங்கிலியில் தூக்கி ஐஸ் பாரைக் கழற்றி எடுப்பார்கள். மேற்கு மூலையில் மட்டும் டப்பா இல்லை. தண்ணீரைச் சுழற்றும் விசிறி அங்கேதான் ஓடியது. அந்த இடத்தில் ஆள் முங்கிப்போகும் ஆழம்.

காத்தமுத்து கையிலிருந்த இரும்புக் கொக்கியால் முன்னாலிருந்த பலகையை இரண்டு முறை தட்டிக் காட்டினார்.

"கணீர்னு சொல்லுது பாருங்க. இது தாங்கும், கால வைக்கலாம். தொப்புன்னு சொன்னா ஊறிப்போச்சுன்னு அர்த்தம், வெலகிருங்க. இந்த இருட்டுல கண்ண நம்பாதீங்க தம்பி. ரெண்டு தட்டு தட்டுங்க, காத நம்புங்க."

அங்கே வேலை செய்த அத்தனை பேரும் அந்த ரெண்டு தட்டை அவரிடம் கற்றவர்கள்தான். மேஸ்திரி மருதையன் உட்பட.

மருதையன் அப்போது வரிச்சிக்குடியில் வீடு கட்டிக்கொண்டிருந்தான். தொட்டிக்கு மாற்ற முதலாளி வாங்கி அனுப்பிய புதுப்பலகைகள் லாரியிலிருந்து இறங்கின. ஆனால் கூடத்துக்குள் வரவில்லை. கொஞ்ச நாளில் மேஸ்திரி வீட்டுக்குக் கதவும் பரணும் அமைந்தன. இங்கே பழைய பலகைகளுக்குத் தார் பூசிப் புதுசு மாதிரி ஆக்கிவிட்டான். காத்தமுத்து ஒரு தட்டில் கண்டுபிடித்துவிட்டார்.

"நாளைக்கு மொதலாளி வர்றாரு. நான் சொல்லத்தான் போறேன் மருதை. புள்ளைங்க நடக்குற பலகை இது."

கள்ளனிடமே போய்ச் சாவி எங்கே என்று சொல்கிற மனசு அவருக்கு. முதுகுக்குப் பின்னால் கோள் சொல்லத் தெரியாது. அதுதான் அவர் செய்த தப்பு.

மறுநாள் காலை. வாசலில் மீன் லாரி உறுமிக்கொண்டு நின்றது, ஆட்களெல்லாம் அங்கே பார் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேற்கு மூலையில் கிடந்த சங்கிலியை எடுத்து வரச் சொல்லி மேஸ்திரி பூமிநாதனை விரட்டினான்.

"தட்டிக்கிட்டு நிக்காதடா. லாரி நிக்குதுல்ல, ஓடு."

ஓடினான். தார் பூசிய பலகை இரண்டாக முறிந்தது.

குளிர் என்று அதைச் சொல்ல முடியாது. உடம்பு முழுக்க ஒரேயடியாக அரிவாளால் கீறியது போல் இருந்தது. பூட்ஸுக்குள் தண்ணீர் நிறைந்து அவனைக் கீழே இழுத்தது. காத்தமுத்து ஓடி வந்தார். வாழ்நாளில் முதல்முறையாகப் பலகையைத் தட்டாமல் ஓடி வந்தார். வந்த வேகத்தில் குதித்தார். தண்ணீருக்குள் அவன் கால்களைப் பிடித்துப் பூட்ஸை உருவி எறிந்தார். இடுப்பைப் பிடித்து மேலே தள்ளினார்.

பூமிநாதன் பலகையில் போய் விழுந்தான். மூச்சு வரவில்லை, கண் உப்பில் எரிந்தது. அந்த எரிச்சலுக்கு நடுவே மருதையன் வருவது தெரிந்தது. கை கொடுக்கப் போகிறான் என்றுதான் நினைத்தான்.

மருதையன் பக்கத்தில் கிடந்த உதிரிப் பலகையை இழுத்து அந்த ஓட்டையை மூடினான்.

மூடிவிட்டு, அதன் மேல் ஏறி நின்றான்.

கீழேயிருந்து ரெண்டு தட்டு.

அவன் நகரவில்லை.

மறுபடியும் ரெண்டு தட்டு. அப்புறம் விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. பூமிநாதனுக்கு நினைவு தப்பியது.

"குடிச்சிட்டு வந்து விழுந்துட்டாரு" என்றான் மேஸ்திரி. ஆற்றைத் தாண்டியிருந்த மதுவிலக்குச் சீமையெல்லாம் வந்து குடித்துவிட்டுப் போகும் ஊரில், செத்தவன் குடித்திருந்தான் என்றால் மறுகேள்வி கிடையாது. பூமிநாதன் கண்டதைக் கண்டபடி எல்லோரிடமும் சொன்னான். முதலாளியிடம் சொன்னான், போலீசிடம் சொன்னான். குளிர் மண்டைக்கு ஏறி உளறுகிறான் என்று மேஸ்திரி சிரித்தான். அவர் பூட்ஸைப் போட்டு நடந்தவர்கள், அவர் எண்ணெயைத் தடவிக்கொண்டவர்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள். காத்தமுத்துவின் மனைவி காசியம்மா மட்டும் நம்பினாள்.

"அந்த மனுசன் பொட்டுக்கூடத் தொட்டதில்ல தம்பி. குடிகாரன்னு சொல்லிப் பொதச்சிட்டானுவளே" என்றாள். அவள் அழவில்லை. அதுதான் பூமிநாதனை அறுத்தது.

அவன் வேலையை விடவில்லை. அந்தப் பேரில் விழுந்த கறை போகிற வரைக்கும் இந்தப் படியை விட்டு இறங்குவதில்லை என்று மனசுக்குள் வைராக்கியம். மேஸ்திரியும் அவனை விரட்டவில்லை. வெளியே போனால் ஊரெல்லாம் பேசுவான், கண் முன்னால் கிடக்கட்டும் என்று வைத்துக்கொண்டான். ஒன்று மட்டும் உத்தரவு போட்டான். இனிமேல் யாரும் பலகையைத் தட்டக் கூடாது.

திருமலைராயன்பட்டினத்திலிருந்து காதர் பாட்சா என்று ஒரு புது ஆள் வேலைக்கு வந்தான். பூமிநாதன் அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனான். நாலு எட்டு வைத்திருப்பார்கள்.

டக். டக்.

"ஏண்ணே தட்டுறீங்க?" என்றான் காதர் பாட்சா.

பூமிநாதனின் இரண்டு கையும் வெறுங்கை.

அடுத்த பலகையில், காதர் பாட்சா கால் வைக்கப் போகும் இடத்தில், மறுபடியும் ரெண்டு தட்டு. சத்தம் மேலேயிருந்து வரவில்லை. பலகைக்கு அடியிலிருந்து வந்தது. அமோனியா வாடைக்கு நடுவே தேங்காயெண்ணெய் வாசம் மெல்ல எழுந்தது. பூமிநாதனுக்கு, எதற்குப் பொய் சொல்ல வேண்டும், பயத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது.

"ஒண்ணுமில்ல பாட்சா. கணீர்னு கேக்குற பலகையில கால வை" என்றான்.

அந்த வாரத்திலேயே ஒரு ஐஸ் பார் மேலே வந்தது. கண்ணாடி மாதிரித் தெளிவான பார். அதன் நடுவில், உள்ளேயிருந்து தட்டுவது போல, விரல் விரித்த ஒரு கையின் அச்சு. மேஸ்திரி சம்மட்டியை எடுத்து அதைத் தூள் தூளாக்கினான். அதற்குப் பிறகு அவன் கூடத்துக்குள் வருவதைக் குறைத்துக்கொண்டான். வந்தாலும் வாசலை விட்டு அதிகம் நகர மாட்டான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் கரண்ட் போனது. நாலு பல்பும் அணைந்து, விசிறி சுழன்று சுழன்று ஓய்ந்தது. அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக ஆகி யாரும் கேட்டதில்லை. பகல் மூன்று மணிக்கு உள்ளே கன்னங்கரேலென்று இருட்டு. சங்கிலி ரிப்பேருக்காக உள்ளே வந்திருந்த மருதையன் நடுக்கூடத்தில் மாட்டிக்கொண்டான். பூமிநாதனும் காதர் பாட்சாவும் கதவோரம் நின்றார்கள். கதவைத் திறக்கப் பார்த்தார்கள், திறக்கவில்லை. வெளியே இருந்த ஆட்கள் சத்தம் கேட்டு வந்து அந்தப் பக்கமிருந்து தள்ளினார்கள். அசையவில்லை.

"டேய், கதவு எந்தப் பக்கம்டா?" மருதையன் கத்தினான்.

பூமிநாதன் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்தது.

டக். டக்.

கணீர் என்ற சத்தம். நல்ல பலகையின் சத்தம்.

இருட்டில் அகப்பட்டவன் பழகிய சத்தத்தைத்தானே நம்புவான். மருதையன் ஒரு எட்டு வைத்தான். பலகை தாங்கியது.

டக். டக்.

இன்னொரு எட்டு. அதுவும் தாங்கியது. சத்தம் முன்னால் முன்னால் போனது, புது ஆளைக் கைபிடித்துக் கூட்டிப் போவது போல அத்தனை பொறுமையாக. அது கதவுப் பக்கம் வரவில்லை என்பது பூமிநாதனுக்குக் காதில் தெரிந்தது. மேற்கே போய்க்கொண்டிருந்தது.

"மேஸ்திரி, நில்லுங்க. அந்தப் பக்கம் இல்ல."

மருதையன் நின்றான்.

நின்ற அந்த நொடியில் எல்லாப் பலகையும் தட்டியது. கூடம் முழுக்க, நாலு மூலையிலும், காலுக்கடியில், ஆயிரம் கொக்கியால் அடிப்பது போல. பிறகு சட்டென்று ஓய்ந்தது. தேங்காயெண்ணெய் வாசம் மூச்சு முட்ட நிறைந்தது.

"அண்ணே." மருதையனின் குரல் சிறு பிள்ளையின் குரலாகிவிட்டது. "நான்தாண்ணே, மருதை. எனக்கும் நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. பலகைய மூடுனது தப்புதாண்ணே. மேல ஏறி நின்னது தப்புதாண்ணே. நீங்க குடிக்கல. நான்தான் பொய் சொன்னேன்."

கதவுக்கு வெளியே நின்ற அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. காதர் பாட்சா பூமிநாதனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

இருட்டில் ஒரே ஒருமுறை, மெதுவாக, மன்னித்து வழிவிடுவது போல,

டக். டக்.

கணீர்.

மருதையன் காலை எடுத்து வைத்தான்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கரண்ட் வந்தது.

பல்பு வெளிச்சத்தில் ஒரு பலகைகூட முறிந்திருக்கவில்லை. எல்லாம் வரிசையாக, வைத்தது வைத்தபடி. மருதையனை மட்டும் காணோம். மேற்கு மூலைப் பலகைக்கு அடியிலிருந்து யாரோ வெறியோடு தட்டினார்கள்.

பூமிநாதன் பாய்ந்து போனான். விழுந்தவன் எவனாயிருந்தாலும் முதலில் தூக்கு என்றுதான் அவனுக்குக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். பலகை விளிம்பில் கொக்கியை மாட்டி இழுத்தான். காதர் பாட்சாவும் சேர்ந்து இழுத்தான். இரண்டு ஆள் தூக்கிப் போடுகிற பலகை இம்மியும் அசையவில்லை.

அப்போதுதான் பலகையின் மேல் பார்த்தான்.

வெள்ளை வெளேரென்று உறைபனி பூத்த இரண்டு கால்தடங்கள். பக்கத்தில் பக்கத்தில், அழுத்தி நிற்பது போல. இரண்டிலும் கோணிச்சாக்கின் பின்னல் பதிந்திருந்தது.

"அண்ணே, போதும்ண்ணே" என்றான் பூமிநாதன். "விட்டுருங்க."

கால்தடங்கள் விலகவில்லை. கீழே தட்டும் சத்தம் தளர்ந்தது, நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கொக்கியிலேயே பலகை லேசாக எழும்பி வந்தது.

காசியம்மாவிடம் போய்ச் சொன்னபோது அவள் புருஷன் படத்துக்கு முன்னால் இருந்த விளக்கைத் தூண்டிவிட்டாள். "உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே தம்பி ஆகணும்" என்றாள். அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

புதுப்பலகைகள் வந்தன. வருஷங்கள் ஓடின. பூமிநாதன் மேஸ்திரியானான். ரப்பர் பூட்ஸ் இப்போது ஆளுக்கு ஒரு ஜோடி. புதிதாக வருகிறவர்களுக்கு ரெண்டு தட்டு சொல்லிக் கொடுப்பது அவன் வேலை. பலகைக்கு அடியில் சத்தம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அண்ணன் கரையேறிவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

எண்பத்தைந்தில் பலகைகள் மறுபடியும் ஊறிப்போயின. பூமிநாதன் முதலாளியின் அறைக்குப் போய்ச் சொன்னான்.

"இந்த சீசன் ஓடட்டும்யா. தாரைப் பூசி ஒப்பேத்து. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் முதலாளி.

"சரிங்க" என்றான் பூமிநாதன். நாலு பேர் சொல்கிற சரிதான். வீடு, பிள்ளைகள், சம்பளம் எல்லாம் சேர்ந்து சொல்ல வைக்கிற சரி.

கூடத்துக்குள் வந்தான். கொக்கியால் பலகையை ரெண்டு தட்டு தட்டினான். கணீர் என்றது. காலைத் தூக்கியவன் அப்படியே நின்றான். அந்தப் பலகையின் மேல் வெள்ளையாக இரண்டு கால்தடம் பூத்துக்கொண்டிருந்தது. கோணிப் பின்னல், விரல் நுனிகள் அவனைப் பார்த்து.

மருதையனுக்கும் கணீர் என்றுதான் சொன்னது.

வந்த வழியே ஓடினான். முதலாளி முன்னால் போய் நின்றபோது மூச்சிரைத்தது.

"இல்லீங்க மொதலாளி. பலகை இன்னிக்கே வேணும். இல்லாட்டி ஒருத்தனையும் நான் உள்ள விட மாட்டேன்."

முதலாளி சிரித்தார். "என்னய்யா, காத்தமுத்து வந்து கேட்டாரா?"

டக். டக்.

"யாரு கதவத் தட்டுறது? போய்ப் பாரு" என்றார்.

கதவு அகலத் திறந்துதான் கிடந்தது. அது சிமெண்டுத் தரை போட்ட அறை. அங்கே பலகையும் கிடையாது, அடியில் தொட்டியும் கிடையாது. பூமிநாதன் முதலாளியின் நாற்காலிக்கு அடியில் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுபடியும் ரெண்டு தட்டு.

கணீர் என்றே கேட்டது.