நோகாத கால்

றுக்கியா உள்ளே வரவில்லை. டிஸ்பென்சரி வாசலில் நின்றே சொன்னாள்.

"டொக்டர், ஒரு மனுஷனுக்குக் கால் விளங்காமப் போகட்டும் எண்டு ஏசினன். அப்பிடியே கால் போயிட்டு."

மருந்துப் போத்தல் துடைத்துக்கொண்டிருந்த தாதி எல்சியின் கை நின்றது. டாக்டர் பேணாட் கதிரையைக் காட்டினார். பொலிசுக்காகப் பிணங்களை அறுத்து, சாவின் காரணம் சொல்லி ஓய்வு பெற்றவர். உயிரோடு இருப்பவர்களிடமும் அதே பொறுமை.

துறைமுகத்து அரிசிக் கிட்டங்கியில் சிந்தும் அரிசியைக் கூட்டி அள்ளுவது றுக்கியாவின் வேலை. மூட்டை சுமக்கும் அபூதாஹிர் அவளுடைய சுளகை மிதித்து உடைத்தான். அவள் ஏசினாள். சற்று நேரத்தில் அவன் விழுந்தான். வலது கால் அசையவில்லை. இடது கால் அசைந்தது. ஆனால் ஓதிப் புகை போட்ட சாம்பிராணித் தணல் விழுந்து அதன் தோல் கருகியபோது அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கால் செத்துவிட்டது, மறு காலில் ஜின் இருக்கிறது என்று தெரு முடிவு செய்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் றுக்கியா வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்றும் சொன்னது.

"போறதுக்குப் பயமில்ல," என்றாள். "என்ட வாயாலதானா? அத மட்டும் சொல்லுங்க."

அபூதாஹிரின் அறையில் புகை நிறைந்திருந்தது. தன் இடது காலை அவன் வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு கிடந்தான். எல்சிக்கு உள்ளே கால் வைக்கக் கூசியது. தலைமாட்டில் அவன் கூட்டாளி ஹிஸ்புல்லா. அவன் தலைத்துண்டில் ஒரு புதுச் சாக்கு ஊசி மினுங்கியது.

"தலையில குத்தாதோ?" என்றாள் எல்சி.

"பழகிட்டு, மிஸ். கிழிஞ்ச மூட்டைய அடுக்குக்கு மேலயே இருந்து தைக்கிறது நான்தானே."

"தூக்கிக்கொண்டு வந்ததும் ஹிஸ்புல்லா காக்காதான்," என்றாள் அபூதாஹிரின் மனைவி நபீஸா. "ஆஸ்பத்திரி சரிவராது, இது ஜின்ட வேலை எண்டு சொன்னதும் அவர்தான்."

டாக்டர் அபூதாஹிரைக் கண்ணை மூடச் சொன்னார். குண்டூசியால் இடது பாதத்திலிருந்து மேலே குத்திக்கொண்டு போனார். பதிலே இல்லை. மார்புக்குச் சற்றுக் கீழே வந்ததும், "ஆ!" அசையாத வலது காலில் குத்தினார். "நோகுது டொக்டர்!"

புரட்டிப் பார்த்தார். முதுகெலும்புக்கு வலப்பக்கம், பயறளவில் காய்ந்த ஒரு பொருக்கு.

"சாக்குக் கீறல்," என்றாள் நபீஸா. "மூட்ட தூக்குற எல்லாருக்கும் இருக்கு."

"றுக்கியாவைக் கூப்பிடுங்கோ," என்றார் டாக்டர். அவள் வந்து நிலையோடு ஒட்டி நின்றாள். ஜன்னலுக்கு வெளியே தெரு கூடிவிட்டது.

"முதுகெலும்புக்குள்ள சுண்டுவிரல் தடிப்பில ஒண்டு ஓடுது. முண்ணாண். எலும்புக்கு எலும்பு இடையால, வலம் ஒண்டு இடம் ஒண்டா நரம்பு வெளிக்கிடுது. வலது காலை அசைக்கிற கட்டளை முண்ணாணின்ர வலது பாதியால இறங்கும். இடது காலின்ர நோவு, முண்ணாணுக்குள்ள போனதும் மற்றப் பக்கம் தாண்டி, அதே வலது பாதியாலதான் மேல ஏறும். அந்தப் பாதி அறுந்தா?"

"இந்தக் கால் அசையாது, அந்தக் கால் நோகாது!" என்றாள் எல்சி. "அப்ப ஆரோ கத்தியால குத்தியிருக்கினம்!"

"நிமிர்ந்து நிக்கிறவனுக்கு அந்த இடத்து எலும்புகள் ஓடு வேய்ஞ்ச மாதிரி மூடிக் கிடக்கும். குனிஞ்சாத்தான் இடைவெளி திறக்கும். அபூதாஹிர், எப்ப குனிஞ்சனீங்கள்?"

"மூட்ட வாங்கக்குள்ள. அடுக்குக்குக் கீழ குனிஞ்சு முதுகக் குடுப்பம். மேல நிக்கிறவன் தள்ளிவிடுவான். பின்னால ஒருத்தருமில்ல டொக்டர். ஐஸ் மாதிரி ஒண்டு உள்ள போனது."

"மேல நிண்டது ஆர்?"

அபூதாஹிர் தலைமாட்டைப் பார்த்தான்.

"தைச்ச ஊசியைச் சாக்கிலேயே மறந்து தள்ளினா, முழு மூட்டையின்ர பாரமும் அதுக்குப் பின்னால," என்றார் டாக்டர். "தூக்கி எடுத்தவரால மட்டும்தான் அதை ஒருத்தருக்கும் தெரியாமல் இழுத்தெடுக்க ஏலும். ஆஸ்பத்திரிக்குப் போனா முதுகைப் பாப்பினம். அவருக்குப் புது ஊசியும் தேவைப்பட்டது."

ஹிஸ்புல்லாவின் கை தலைத்துண்டுக்குப் போய், பாதியில் இறங்கியது. "வளைஞ்சு போயிருந்திச்சு, மச்சான். கடல்ல எறிஞ்சிட்டன். இவ ஏசினத எல்லாரும் கேட்டிருந்தாங்க..."

"ஒவ்வொரு ராவும்," என்றான் அபூதாஹிர் மெல்ல, "என்ட தலைமாட்டுல இருந்து ஓதினாயே."

நபீஸா முகத்தை மூடிக்கொண்டாள்.

"மற்றப் பாதி மிச்சமிருக்கு," என்றார் டாக்டர். "இப்பிடிக் காயப்பட்ட கனபேர் திரும்ப நடந்திருக்கினம். இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. றுக்கியா எங்கயும் போகத் தேவையில்லை."

எல்சி அவளோடு தெருவில் நடந்தாள். "இப்ப நிம்மதிதானே?"

"ஓம் மிஸ். இனிப் பயமில்லாம ஏசலாம்." றுக்கியா முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஜன்னலருகே நின்றவர்களில் ஒருத்தி பின்னால் ஓடி வந்தாள். றம்ஸியா. மூச்சு வாங்கியது.

"லாத்தா, என்ட மருமகன் மகளப் போட்டு அடிக்கிறான். அவனுக்கும் ஒரு வார்த்த சொல்லி விடுங்க."

"அது ஊசி, புள்ள. நான் இல்ல. டொக்டர் சொன்னதக் கேட்டாய்தானே?"

"கேட்டன். காலமெல்லாம் தைக்கிற மனுஷன்," என்றாள் றம்ஸியா. "அண்டைக்கு மட்டும் அவன மறக்க வெச்சது ஆரு?"

றுக்கியா எல்சியைப் பார்த்தாள். எல்சி டாக்டர் இருந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். றுக்கியா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். றம்ஸியாவின் கண்கள் அந்த வாயையே பார்த்துக் காத்திருந்தன. றுக்கியா முந்தானையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.